குழிக்குள் ஒரு வாய்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு பல் கிளினிக்கின் பின்கதவைத் திறந்துகொண்டு மாஸ்டர் பட்டறைக்குள் வந்தான்.

மாஸ்டர் என்றால் வாத்தியார் இல்லை. வார நாட்களில் டாக்டர் எடுத்துத் தரும் அச்சுகளை வைத்துப் பல் செட் செய்வான். ஞாயிறுகளில் அதே பட்டறையில் கதை ஆட்டம் நடத்துவான். மேசையைச் சுற்றி நான்கு பேர். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் விவரமும் ஒரு தாளில் கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். சண்டை போட்டால் ஜெயிப்பார்களா, பொய் சொன்னால் பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கதையை நடத்துகிறவன் என்பதால் அவன் மாஸ்டர். அந்தப் பெயரே நின்றுவிட்டது.

அன்று உள்ளே வந்ததும் நாற்றம் அடித்தது.

கை கழுவும் தொட்டிக்கு அடியில் வண்டல் தங்கும் வாளி ஒன்று உண்டு. பல் செட்டைத் தேய்த்த தூள், மாவுக் கரைசல், எச்சில் எல்லாம் அதில்தான் வந்து சேரும். வாரம் ஒரு தடவை கழுவாவிட்டால் குடலைப் பிடுங்கும். மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாளியை இழுத்தான்.

வாளி காலி. வெள்ளிக்கிழமை அவனே கழுவி வைத்தது.

ஜன்னலைத் திறந்து வைத்தான். ஒரு மணிக்கு அக்கா வருவாள். நாற்றத்தோடு அவளை வரவேற்க முடியாது.

மூன்று வருஷத்துக்குப் பிறகு வருகிறாள். தையல்கடை வைத்திருப்பவள். நான்கு வருஷம் ஆடி வளர்த்த தன் பாத்திரத்தை, ஒரு படகோட்டிப் பெண்ணை, உயிரை விட நேசித்தாள். ஒரு ஞாயிறு மாஸ்டருக்குத் தலைவலி. கதையைச் சீக்கிரம் முடிக்க நினைத்தவன் பகடையைத் தொடாமலே சொன்னான். "கூரை இடிஞ்சு விழுந்துது. செத்துட்டா." அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதோடு பேச்சு நின்றது. அப்பா அம்மா போன பிறகு அவனை 'டா' போட்டுக் கூப்பிட உலகத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். அதுவும் போயிற்று.

போன மாதம் அவளே ஃபோன் செய்தாள்.

"போர்க்கதை பண்றியாமே. ஆட்டத்துக்கு வர்ற தபால்காரர் சொன்னார். வரேன். ஆனா ஒரு விதி."

"சொல்லுக்கா."

"எல்லாக் கட்டமும் நிரம்பின தாள்னா அது ஒரு ஆள். அந்த ஆளை யாரும் கிழிக்கக் கூடாது. போகணும்னா பகடை சொல்லித்தான் போகணும். உனக்கும் சேர்த்துதான்டா."

அவன் சரி என்றான். அவள் வந்தால் போதும் என்றிருந்தது.

கதை தயாராகிக்கொண்டிருந்தது. போர் முடியாத ஒரு ஊர். பாதி இடிந்த மாளிகை ராணுவ ஆஸ்பத்திரியாக மாறியிருக்கிறது. ஆட்டக்காரர்கள் மூவரும் காயம்பட்டவர்களைத் தூக்கி வருகிறவர்கள். தூக்கி வந்தவர்களில் சிலர் செத்து இரண்டு நாள் ஆகியும் பேசுகிறார்கள். பல்லுக்கு அச்சு ஊற்றும் கல்மாவிலேயே மாளிகைச் சுவர்களைச் செய்திருந்தான். நகக்கண் அளவுக் கட்டில்கள். ரோஸ் மெழுகில் கை போனவர்கள், கால் போனவர்கள். எல்லாம் பார்க்க அழகாக இருந்தது. அதுதான் உறுத்தியது. பார்த்தவர்களுக்கு வயிற்றைப் புரட்ட வேண்டும். புரட்டவில்லை.

அப்போதுதான் ஒரு பெரியவர் பல் செட்டுக்காக வந்தார்.

பத்து நாளுக்கு முன்னால். மேலும் கீழும் ஒரு பல் கிடையாது. முழு செட். டாக்டர் அவசரமாகக் கிளம்பிவிட, கடி அளவு பார்க்க மாஸ்டர்தான் நின்றான். பழைய செட்டைக் கழற்றி அவன் கையில் வைத்தார். பச்சை படிந்து, வழவழவென்று, வெதுவெதுப்பாக இருந்தது. மாஸ்டர் அதை இரண்டு விரலால் பிடித்துத் தட்டில் போட்டான். சூடான மெழுகைக் கடித்துக்கொண்டு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மெழுகை எடுத்ததும், மூடியைத் திறந்தாற்போலப் பேச ஆரம்பித்தார்.

"நான் பட்டாளத்துல இருந்தவன் தம்பி. ஒரு தடவை குண்டு விழுந்த குழிக்குள்ள மூணு நாள் கிடந்தேன். மழை. சேறு. பதினோரு பேர் கிடந்தோம். உயிரோட நான் ஒருத்தன்தான்னு நினைச்சேன்."

மாஸ்டர் மெழுகுக் கத்தியைத் துடைத்தான்.

"எனக்குக் கீழ ஒருத்தன் இருந்தான். அவன் நெஞ்சு மேலதான் படுத்திருக்கேன், அது தெரியல. உடம்பு பூரா சேத்துக்குள்ள. வாய் மட்டும் வெளிய. அந்த வாய் பேசுச்சு. தண்ணி தண்ணின்னு. மேல எதிரி நடக்கறான். பூட்ஸ் சத்தம் கேக்குது."

"என்ன பண்ணீங்க?"

பெரியவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"மண்ணை அள்ளி வச்சேன். துப்பினான். மறுபடி வச்சேன். நிறைய போச்சு தம்பி. ஒரு வாய்க்குள்ள எவ்வளவு போகும்னு உனக்குத் தெரியாது."

ஒரு வாய்க்குள் எவ்வளவு போகும் என்று மாஸ்டருக்குத் துல்லியமாகத் தெரியும். அது அவன் தொழில்.

"அப்புறம் ரெண்டு நாள் அவன் மேலயே படுத்திருந்தேன். அவன் சீக்கிரம் சாகல. அடியில துடிச்சிட்டே இருந்தான். வீட்ல யாருக்கும் இது தெரியாது. உங்கிட்ட ஏன் சொன்னேன்னு தெரியல. இங்கேயே விட்டுடு."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன் ஐயா."

சொல்லும்போதே அந்தக் குழியை மாளிகையின் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று அவன் மனம் அளந்துகொண்டிருந்தது.

பெரியவர் கிளம்பும்போது, அவசரம் என்றால் வரச் சொல்லித் தன் வீட்டு விலாசத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தான். அன்று சாயங்காலமே குழியில் கிடந்தவனுக்கு ஒரு தாள் எழுதினான். கதையில் ஓரமாக வந்து போகும் ஆளுக்கு மூன்று வரி போதும். கை நிற்கவில்லை. வயது, உயரம், பலம், பயம், ஆசை, குரல், காயம். காயம் என்ற கட்டத்தில் 'வாய் நிறைய மண்' என்று எழுதினான். பெயருக்கு மட்டும் ஒன்றும் தோன்றாமல் 'குழிக்காரன்' என்று போட்டான். நிமிர்ந்து பார்த்தபோது ஒரு கட்டம் கூடக் காலி இல்லை.

பிறகு அந்த வாயையும் செய்தான். எந்த அச்சிலிருந்தும் இரண்டு பிரதி ஊற்றுவது வழக்கம். வேலைக்கு ஒன்று, உடைந்தால் மாற்றுக்கு ஒன்று. பெரியவருடைய மாற்றுப் பிரதியை எடுத்தான். மெழுகில் உதடு வைத்தான். மாதிரிப் பெட்டியிலிருந்து பல் பதித்தான். சுற்றிலும் கல்மாவைக் குழைத்துச் சேறு போலப் பரப்பி, பழுப்பு வண்ணம் அடித்தான். நிஜ அளவு. சேற்றிலிருந்து ஒரு வாய் மட்டும் திறந்திருந்தது.

பார்த்ததும் வயிற்றைப் புரட்டியது. திருப்தியாக இருந்தது.

ஒரு மணிக்கு மூவரும் வந்தார்கள். அன்று ஆட்டம் இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் கூடிப் பேசும் நாள். கதையில் எது வரலாம், எது வரவே கூடாது என்று ஆளாளுக்குச் சொல்லிவிட வேண்டும். திகில் கதை என்றால் அப்படித்தான்.

"நாய் சாகக் கூடாது மாஸ்டர்," என்றார் தபால்காரர். "மனுஷன் எத்தனை பேர் வேணாலும் சாகட்டும்."

"தினம் உங்களைக் கடிக்க வர்ற நாய்க்காகவா பேசறீங்க?" என்றான் ஃப்யூஸ். வயரிங் வேலை பார்க்கிறவன். "எனக்கு ஷாக் அடிச்சுச் சாகறது வேணாம். அந்த பயத்தைத் திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் பார்த்தாச்சு."

அக்கா தன் முறை வரும்வரை பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"வாய்க்குள்ள எதையும் திணிக்கிறது வேண்டாம்."

பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அப்பாவுக்குக் கடைசி வாரம் மருந்தை நான்தான் ஊத்தினேன். வேண்டாம் வேண்டாம்னு தலையை ஆட்டினார். தாடையைப் பிடிச்சுத் திறந்து ஊத்தினேன். நீ அப்ப ஊர்ல இல்ல. அவ்வளவுதான். அது மட்டும் வேண்டாம்."

அவள் தலைக்குப் பின்னால், அலமாரியில், துணி போர்த்திய வாய் இருந்தது.

"சரிக்கா," என்றான் மாஸ்டர். "அப்படி எதுவும் இல்ல."

கிளம்பும்போது அக்கா மூக்கைச் சுளித்தாள். "என்னடா உன் பட்டறை இப்படி நாறுது? யாராவது பல்லை மறந்துட்டுப் போனாங்களா, இல்ல ஆளே உள்ள கிடக்கிறாங்களா?"

பழைய அக்கா. அவன் சிரித்தான். அடுத்த ஞாயிறு சீக்கிரமே வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்தியதும் அவன் தாளை எடுத்தான். கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் விதிக்குச் சம்மதித்தாகிவிட்டது. அதையும் மீறினால் அக்காவிடம் மிச்சம் வைக்க ஒன்றும் இல்லை. முறைப்படியே கொன்றுவிடலாம் என்று நினைத்தான். விழுந்து கிடப்பவனுக்கு மூன்று தடவை உருட்ட வேண்டும். இரண்டு தடவை பத்துக்குக் கீழே விழுந்தால் சாவு.

பதினெட்டு. பன்னிரண்டு. இருபது.

பிழைத்துவிட்டான். மறுபடி உருட்டினான். பதினைந்து. பதினொன்று. பத்தொன்பது.

பகடையை மாற்றினான். கையை மாற்றினான். தபால்காரர் விட்டுப் போயிருந்த பகடையை எடுத்தான். நாற்பது தடவை உருட்டியிருப்பான்.

ஒரு தடவை கூடப் பத்துக்குக் கீழே விழவில்லை.

நாற்றம் கூடியிருந்தது. இது வண்டல் நாற்றம் இல்லை. மூடி வைத்த இறைச்சியும் மழைத்தண்ணீரும் சேர்ந்த நாற்றம். அலமாரிப் பக்கமிருந்து வந்தது.

துணியை எடுத்தான்.

கல்மாவு அரைமணியில் இறுகிவிடும். இது ஊற்றி எட்டு நாள். ஆனால் வாயின் உட்புறம் பளபளத்தது. கீழ்ப் பல்வரிசைக்குப் பின்னால் ஏதோ தேங்கியிருந்தது. ஆள்காட்டி விரலை உள்ளே வைத்தான்.

விரல் இறங்கியது.

சூடாக இருந்தது.

கையைப் பிடுங்கிக்கொண்டு தொட்டியில் நின்று கழுவினான். சோப்பு போட்டான். ஸ்பிரிட் ஊற்றினான். நகத்துக்குள் போனது மட்டும் வரவில்லை. வாயையும் தாளையும் கீழ் இழுப்பறையில் போட்டுப் பூட்டினான்.

அந்த வாரம் டாக்டர் இரண்டு தடவை சாக்கடை ஆளைக் கூப்பிட்டார். குழாயில் ஒன்றும் இல்லை. மாஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதை மென்றாலும் கரகரத்தது.

வியாழக்கிழமை பெரியவர் செட் போட்டுப் பார்க்க வந்தார். கச்சிதமாகப் பொருந்தியது. கண்ணாடியில் பல்லைக் காட்டிப் பார்த்தார். பிறகு மூக்கு விடைத்தது. பட்டறைப் பக்கம் திரும்பினார்.

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல ஐயா."

அது வரையில் உண்மைதான். பெரியவர் செட்டைக் கழற்றித் தட்டில் வைத்தார். எச்சில் நூல் ஒன்று நீண்டு அறுந்தது.

"இந்த வாடை எனக்குத் தெரியும்," என்றார். செட்டை விட்டுவிட்டே போய்விட்டார்.

ஞாயிறு அக்கா பன்னிரண்டு மணிக்கே வந்தாள், தனியாக. உள்ளே கால் வைத்ததும் புடவைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள். நாற்றம் எங்கிருந்து வருகிறதோ அங்கே நேராகப் போய் நின்றாள்.

"சாவி."

"அக்கா, அது வேலைச் சாமான்."

"சாவியைக் குடுடா."

கொடுத்தான். இழுப்பறையைத் திறந்தாள். முதலில் வாயைப் பார்த்தாள். பிறகு தாளை எடுத்துப் படித்தாள். கட்டம் கட்டமாக, துணி அளவு பார்க்கிற நிதானத்தோடு படித்தாள்.

"சீ."

அவன் தாளுக்குக் கை நீட்டினான். அவள் தரவில்லை.

"வேண்டாம்னு சொன்னேன். தலையை ஆட்டின. அப்பவே இது இங்க இருந்திருக்கு."

"எடுத்துடலாம்னுதான்கா இருந்தேன்."

"இது நீ யோசிச்சது இல்ல. உனக்கு இவ்வளவு வராது. யாரோட கதைடா இது?"

"கிளினிக்குக்கு வர்ற ஒரு பெரியவர். பட்டாளத்துக்காரர். மண்ணைத் திணிச்சது அவர்தான். இந்த வாயும் அவரோட அச்சுதான்."

"எடுத்துக்கட்டுமான்னு அவரைக் கேட்டியா?"

"இல்ல."

"குழியில கிடந்தவனை விடு, அவனைக் கேக்க முடியாது. மண்ணைத் திணிச்சவன் வாயையே செஞ்சு அவனுக்கு மாட்டி விட்டிருக்க பாரு. உனக்கு அருவருப்பா இல்ல?"

இருந்தது. இத்தனை நாளாகப் பெரியவர் மேல் இருந்த அருவருப்பு அப்படியே திரும்பி அவன் மேல் வந்து உட்கார்ந்தது. அவர் உயிர் பிழைக்க மண்ணை அள்ளினார். இவன் ஞாயிற்றுக்கிழமை பொழுது போக அள்ளியிருக்கிறான்.

அக்கா ஜன்னல் பக்கம் போனாள். கொக்கி இறுகியிருந்தது.

"அவர் வீடு எங்க?"

"தண்ணித் தொட்டித் தெருவுல, கடைசி வீடு," என்றான் மாஸ்டர். "பச்சைக் கதவு."

"வீட்ல யார் இருக்கா?"

"அவரும் மகளும்."

ஜன்னல் திறந்துகொண்டது. அக்கா திரும்பிப் பார்த்தாள். தலைப்பு இன்னும் வாயை இறுக மூடியிருந்தது.

"யார்கிட்டடா பேசற?"

"நீ கேட்டியேக்கா."

"நான் வாயே திறக்கல."

இருவரும் இழுப்பறையைப் பார்த்தார்கள்.

அதன் உதடு ஈரமாக இருந்தது.

அக்காதான் முதலில் அசைந்தாள். "பகடையை உருட்டு."

உருட்டினான். இருபது. மறுபடி. இருபது.

"விதி போட்டது நான். எடுக்கிறதும் நானே," என்று சொல்லித் தாளைக் கிழித்தாள். நான்காக, எட்டாக. பிறகு பட்டறைச் சுத்தியலை அவன் கையில் கொடுத்தாள்.

ஒரே அடியில் வாய் பிளந்தது. உள்ளே மாவு இல்லை. சாம்பல் நிறச் சேறு. அதில் முடி இருந்தது. மேலே உறைந்த நெய் போல மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. அக்கா தொட்டிக்கு ஓடி வாந்தி எடுத்தாள். அவன் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவன் வாந்தி எடுக்க, அவள் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சாக்கில் கட்டித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். மற்ற இருவரையும் வர வேண்டாம் என்று ஃபோனில் சொன்னார்கள். பட்டறையை மூன்று தடவை கழுவினார்கள்.

நாற்றம் போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது.

"எப்படி இளைச்சுட்ட பாரு," என்றாள் அக்கா, கையைத் துடைத்துக்கொண்டே. "நாளைக்குக் கடை லீவு. உன் வீட்டுக்கு வரேன். சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்துட்டு வேலைக்குப் போ. குப்பைமேடு மாதிரிதான் வச்சிருப்ப."

மூன்று வருஷத்துக்குப் பிறகு. மாஸ்டருக்குக் கண் கலங்கியது. "கோபம் போயிடுச்சா?"

"போகல. ஆனா வரேன்."

திங்கள் பதினோரு மணிக்குப் பட்டறை ஃபோன் அடித்தது. பெரியவரின் மகள்.

"அப்பாவோட செட் வேண்டாம்ங்க. நேத்து சாயங்காலம் தவறிட்டார்."

"ஐயோ. எப்படிம்மா?"

"நாற்காலியில உக்காந்தபடியே. வாயை மட்டும் மூட முடியல. உள்ள..." அவள் நிறுத்தினாள். "எடுக்க எடுக்க வந்துட்டே இருந்துச்சுங்க."

மாஸ்டர் ஸ்பிரிட் விளக்கை அணைத்தான்.

"நீங்க அனுப்பின ஆள்தான் கடைசி வரைக்கும் கூட இருந்தார்."

"நான் யாரையும் அனுப்பலையே."

"ஈர உடுப்போட ஒருத்தர் வந்தாரே. அப்பாவைத் தெரியும்னு கையைக் காட்டினார். பேச்சு சரியா வரல பாவம். போகும்போது உங்க வீட்டு விலாசம் கேட்டார். அவசரம்னா வரச் சொல்லி அப்பாவுக்கு எழுதிக் குடுத்தீங்களே, அந்தச் சீட்டைக் குடுத்தேன்."

மாஸ்டர் இணைப்பைத் துண்டித்து வீட்டு எண்ணைச் சுழற்றினான். நான்காவது மணியில் அக்கா எடுத்தாள்.

"அக்கா, வெளிய வந்துடு. இப்பவே."

"என்னடா? இங்க ஒருத்தர் உன்னைத் தேடி வந்து உக்காந்திருக்கார்."

"உள்ள விட்டியா?"

"தொப்பலா நனைஞ்சிருக்கார். வெளிய நிக்க வைக்கவா?" குரலைத் தாழ்த்தினாள். "வெளியில சுள்ளுனு வெயில் அடிக்குது, எங்க நனைஞ்சார்னு தெரியல. ஒண்ணும் பேச மாட்டேங்கிறார். என் வாயையே பார்க்கிறார்டா."

"அக்கா. எழுந்து ஓடு."

நாற்காலி ஒன்று நகர்ந்தது.

"அக்கா?"

பதில் வந்தது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. கடி அளவு எடுக்கும்போது வாய் நிறைய மெழுகை வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வருவார்களே, அந்தக் குரல்.